இருமுறை இடிக்கப்பட்ட கோட்டை: பாஞ்சாலங்குறிச்சிப் பயணத்திற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாஞ்சாலங்குறிச்சிக்கு வேனிலும் பேருந்திலும் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். வாசலில் ஒரு படம், சிலைக்கு முன்னால் ஒரு படம், சுவரோவியங்களை ஒரு சுற்று, அதோடு புறப்பாடு. அவர்கள் பார்த்துவிட்டுப் போவது 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை. வீரபாண்டிய கட்டபொம்மனும் அவருடைய தம்பி ஊமைத்துரையும் நின்று போரிட்ட மண்கோட்டை அதன் பக்கத்திலேயே, தரையோடு தரையாகக் கிடக்கிறது. 1799-இல் ஒரு முறையும் 1801-இல் மறு முறையும் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதை இடித்து மட்டமாக்கினார்கள். இல்லாமல் ஆக்கப்பட்ட ஒரு கோட்டையைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். எந்த இடத்தை எதன் பிறகு பார்ப்பது என்ற வரிசையும் வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு முழுப் பகலும் மறுநாள் காலையும் ஒதுக்கினால் போதும். பாஞ்சாலங்குறிச்சிக்கு இதில் இரண்டு முறை போகிறோம். கோட்டை இருமுறை வீழ்ந்தது என்பதால் இரண்டு வருகைகளும் வெவ்வேறாகவே இருக்கும்.

முதல் படி: புறப்படுவதற்கு முன்பே கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்மில் பலர் இந்த ஊருக்கு வரும்போது திரைப்பட வசனத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் நடந்தது அந்த வசனத்தைவிட நீளமானது, வலி மிகுந்தது. அதை ஓரளவு அறிந்துகொண்டு வந்தால்தான் வெறும் மேடாகத் தெரியும் இடமும் பேசத் தொடங்கும்.

மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர் காலத்தில் தென்பாண்டிச் சீமை 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ள செய்தி. பாளையக்காரர் தம் எல்லைக்குள் காவல் காத்து, வழக்குத் தீர்த்து, வரி தண்டி, அதில் ஒரு பங்கை மேலிடத்துக்குத் திறையாகச் செலுத்துவார். நாயக்கர் ஆட்சி முடிந்து ஆர்க்காட்டு நவாபின் கை ஓங்கியபோது அந்தத் திறை நவாபுக்குப் போயிற்று. நவாபு கும்பினியிடம் கடன்பட்டு மூழ்கியதால், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையங்களில் திறை வசூலிக்கும் உரிமை கும்பினியின் கைக்கு மாறியது. கடன்பட்டவர் ஒருவர், கொடுக்க வேண்டியவர்கள் வேறு பலர் என்ற அந்த ஏற்பாட்டில்தான் பாஞ்சாலங்குறிச்சிப் போரின் வேர் இருக்கிறது.

கட்டபொம்மன் 1760 சனவரி 3-ஆம் நாள் பிறந்தவர். 1790 பிப்ரவரியில் பட்டத்துக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர் குடும்பம். தம்பிமார் இருவர். ஒருவர் ஊமைத்துரை என்று ஊர் அழைத்த குமாரசாமி, மற்றவர் துரைச்சிங்கம் என்னும் செவத்தையா. 1798-இல் கலெக்டர் ஜாக்சன் திறை பாக்கிக்காகக் கட்டபொம்மனை இராமநாதபுரத்தில் வந்து காணும்படி ஆணையிட்டார். ஆனால் ஜாக்சன் தாம் சொன்ன இடத்தில் இருக்காமல் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நகர்ந்துகொண்டே போனார்; பின்னாலேயே கட்டபொம்மனும் தம் ஆட்களுடன் மூன்று வாரத்துக்கு மேல் சுமார் 400 மைல் அலைந்தார். இறுதியில் செப்டம்பர் மாதம் இராமலிங்க விலாசம் அரண்மனையில் சந்திப்பு நடந்தபோது, உட்கார இடம் தராமல் மூன்று மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார்கள். பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி (அமைச்சர்) சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் கும்பினியின் சொந்த விசாரணைக் குழுவே தவறு கட்டபொம்மன் பக்கம் இல்லை என்று கண்டது; ஜாக்சன் பதவி இழந்தார், தானாபதி விடுதலையானார். கும்பினிக் கடிதங்களில் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்று எழுதியிருப்பதைப் படித்து மயங்குகிறவர்கள், இந்த விசாரணை முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேற்கொண்டு நடந்தவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: நாளையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

இது கரிசல் பூமி. சித்திரை, வைகாசி வெயிலில் நிழலுக்கு ஒதுங்க உடைமரமும் பனைமரமும்தான் உண்டு. அவற்றின் நிழலை நம்பி வெளியில் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கரிசல் மண் களியாகிக் காலைக் கவ்வும். ஒரு முறை மழைக்கு மறுநாள் போய், மேட்டருகே பத்தடி நடப்பதற்குள் இரண்டு செருப்பிலும் ஆளுக்கொரு கிலோ மண் அப்பிக்கொண்டு, கடைசியில் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். மார்கழியின் பின்பாதியிலிருந்து மாசி வரை ஏற்ற காலம். அப்போது வயல்களில் உளுந்தும் பாசியும் கம்பும் மிளகாயும் நிற்கும். சீமை எப்படிப்பட்டது, அந்த மண்ணிலிருந்து திறை கேட்டால் குடியானவனுக்கு என்ன மிஞ்சும் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

தவிர்க்க வேண்டிய நாள்களும் இருக்கின்றன. அல்லது வேறு நோக்கத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டிய நாள்கள் என்று சொல்லலாம். ஆண்டுதோறும் மே மாதத்தில் வீரசக்கதேவி ஆலய விழா நடக்கும். பல ஊர்களிலிருந்து ஜோதி ஏந்தி ஓடி வருவார்கள், பெருங்கூட்டம் கூடும். அந்த நாள்களில் மாவட்ட நிர்வாகம் வாகனங்களுக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு விதிப்பது வழக்கம். விழாவைக் காண விரும்புகிறவர்கள் அறிவிப்பைப் பார்த்து அதற்கேற்ப வரட்டும்; இடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு வாரத்தில் வருவதே நல்லது. சனவரி 3 பிறந்த நாளும் அக்டோபர் 16 நினைவு நாளும் மாலை அணிவிக்க வருகிறவர்களால் நிறைந்திருக்கும்.

நினைவகங்கள் திறக்கும் நேரமும் வார விடுமுறையும் இடத்துக்கு இடம் மாறும். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். மணிமண்டபங்கள் சிலவற்றில் காவலர் பக்கத்துத் தெருவில் இருப்பார். பூட்டிக் கிடந்தால் அருகிலுள்ள கடையில் விசாரித்தால் சாவியோடு வந்துவிடுவார்.

மூன்றாம் படி: தூத்துக்குடியில் தங்கி, விடியலில் புறப்படுங்கள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. முந்தைய நாளே இராமநாதபுரம் வந்து இராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடிக்கு வாருங்கள். சுமார் 120 கி.மீ. தூரம்தான். இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய அந்த மண்டபத்தின் சுவரோவியங்கள் தனிச்சிறப்புடையவை. இப்போது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. கட்டபொம்மன் கதை சூடுபிடித்த இடம் அதுவே என்பதால் பயணமும் அங்கிருந்து தொடங்குவது பொருத்தம். அதற்கு நேரமில்லாதவர்கள் இரயிலிலோ பேருந்திலோ நேராகத் தூத்துக்குடிக்கு வந்துவிடலாம்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. போர் எல்லாம் முடிந்த பிறகு, 1802 பிப்ரவரியில், பாளையக்காரர் போரில் பிடிபட்ட 73 பேரை இந்தக் கடற்கரையிலிருந்துதான் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். மாலையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டு போகலாம்.

காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் குறுக்குச்சாலை வரை சென்று, அங்கே பிரியும் ஒட்டப்பிடாரம் சாலையில் போக வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ.; ஒட்டப்பிடாரத்திலிருந்து 3 கி.மீ. பேருந்தில் வருகிறவர்கள் ஒட்டப்பிடாரத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பதே எளிது. ஆனால் இந்த வழிகாட்டியில் உள்ள இடங்களை ஒரே நாளில் பார்க்க வாடகைக் கார் வேண்டும். மொத்தச் சுற்று 200 கி.மீட்டருக்குக் குறைவாகவே வரும். தண்ணீர், தொப்பி, சில்லறைப் பணம் மூன்றையும் மறவாதீர்கள்.

நான்காம் படி: நினைவுக் கோட்டையும் வீரசக்கதேவி ஆலயமும்

முதல் வருகையில் நினைவுக் கோட்டையையும் ஆலயத்தையும் மட்டும் பாருங்கள். பழைய மண்மேட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்தவர்களுக்கும் தெரியாத குழந்தைகளுக்கும் நினைவு மண்டபத்தின் சுவரோவியங்கள் நல்ல தொடக்கம். போர்க்காட்சிகளும் இராமநாதபுரச் சந்திப்பும் தூக்குமேடையும் வரிசையாக வரும். குழந்தைகளோடு போனால் ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நின்று "இவர் யார், ஏன் கோபமாக இருக்கிறார்" என்று அவர்களையே கேட்டுச் சொல்ல வையுங்கள். விளக்கப் பலகையைப் படிப்பதைவிட அதில் அதிகம் மனத்தில் நிற்கும்.

வீரசக்கதேவி என்று போற்றப்படும் ஜக்கம்மாள் கட்டபொம்மன் குடும்பத்தின் குலதெய்வம். இன்றும் வழிபாடு நடக்கும் இடமாதலால், நினைவுச்சின்னத்தின் ஒரு பகுதி என்று எண்ணி உள்ளே நுழையாமல், கோயிலுக்குப் போவதுபோல் போங்கள். ஊர் தோன்றிய கதையையும் இங்கே கேட்கலாம். வேட்டைநாய்களுக்கு அஞ்சி ஓடிவந்த முயல் ஒன்று இந்த மண்ணை மிதித்ததும் திரும்பி நின்று நாய்களை எதிர்த்ததாம். மண்ணின் வீரத்தைக் கண்டு அங்கே கோட்டை கட்டி, பாட்டன் பாஞ்சாலன் பெயரை வைத்தார்களாம். இப்படிப்பட்ட கதை வேறு கோட்டைகளுக்கும் உண்டு. ஆனாலும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்கும்போது, எந்த இடத்தில் முயல் நின்றது என்று கையைக் காட்டியே சொல்வார்கள்.

வெளியே வந்து வாசலில் நின்றுகொண்டு 1799 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். கும்பினிப் படைத்தலைவர் மேஜர் பானர்மேன் செப்டம்பர் 4-ஆம் நாள் பாளையங்கோட்டையில் வந்து காணும்படி ஆணை அனுப்பினார், கட்டபொம்மன் போகவில்லை. மறுநாளே படை கோட்டையைச் சூழ்ந்தது. கோட்டை வாயிலை நோக்கிப் பாய்ந்த முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் அங்கேயே மாண்டனர். பெரும் பீரங்கிகள் வந்து சேர்ந்தால் மண்சுவர் தாங்காது என்ற நிலையில் கட்டபொம்மன் இரவோடிரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் நடந்த மோதலில் தானாபதி பிடிபட்டார். செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து பார்வைக்கு வைத்தார்கள்.

கோட்டையை விட்டு வெளியேறிய அந்த முடிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கயத்தாற்றில் அது மறுபடியும் வரும்.

ஐந்தாம் படி: கவர்னகிரி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம்

கட்டபொம்மனின் படைத்தலைவர்களில் ஒருவரான சுந்தரலிங்கம் பிறந்த ஊர் கவர்னகிரி. அவருக்கு அரசு மணிமண்டபம் அமைத்திருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கத் தம் உயிரையே கொடுத்தவர் என்று மக்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். பாளையக்காரருடைய பெயர் மட்டுமே பேசப்படும் கதையில், அவருக்காகக் களத்தில் இறங்கிய குடிகளின் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஊரை விடாமல் பாருங்கள். கால் மணி நேரம் போதும்.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ. சிதம்பரனார் பிறந்த இல்லம் நினைவில்லமாக உள்ளது. அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும் ஒரு செப்டம்பர் 5-தான். இரண்டுக்கும் இடையே 73 ஆண்டு, 3 கி.மீ. தூரம். அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டியிட்டுக் கப்பல் விட்டதும், 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் நாம் அறிந்தவை. நேற்று மாலை பார்த்த தூத்துக்குடிக் கடலிலிருந்து 1802-இல் கைதிகளோடு ஒரு கப்பல் போயிற்று. நூறாண்டு கழித்து அதே துறையிலிருந்து இவருடைய கப்பல் போயிற்று. இந்த வீட்டின் திண்ணையில் சற்று உட்கார்ந்து இதை யோசித்துப் பார்ப்பது இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எட்டயபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரதியார் பிறந்த வீடும் 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இங்கே உள்ளன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த ஊரின் பாளையம் போரில் கும்பினியின் பக்கம் நின்றது. போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களில் பங்கும் பெற்றது. எல்லைக் கிராமங்களைப் பற்றிய பழைய பகை அதற்குப் பின்னணி. ஆதலால் எட்டயபுரத்தாரைக் குறைகூறும் பேச்சைப் பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்தில் இன்றும் கேட்பீர்கள். பாளையக்காரர் ஒவ்வொருவரும் தம் குடிகளையும் நிலத்தையும் காக்க ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குகளைப் பிரித்து வைத்துத்தான் கும்பினி ஒவ்வொருவராக வென்றது. இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்தால் இது சொல்லாமலே விளங்கும்.

ஆறாம் படி: நண்பகலுக்குப் பின் கயத்தாறு

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வந்து மதிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் வாங்குவதானால் அது இங்கேதான். அங்கிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்குள் கயத்தாறு வந்துவிடும். நெடுஞ்சாலையில் விரைகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் ஊர் இது. எனவே முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். கட்டபொம்மன் சிலை நிற்கும் இடத்தை நடிகர் சிவாஜி கணேசன் தம் பணத்தில் வாங்கி, 1970-இல் சிலையை நிறுவினார். பின்னர் அரசு மணிமண்டபமும் எழுந்தது.

புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்ட கட்டபொம்மனை அந்தச் சீமையின் மன்னர் தொண்டைமான் கும்பினியிடம் ஒப்படைத்தார். அவரைக் கயத்தாற்றுக்குக் கொண்டுவந்து, சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் அனைவரையும் வரவழைத்து உட்கார வைத்து, 1799 அக்டோபர் 16 அன்று பானர்மேன் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தினார். தீர்ப்பு அன்றே நிறைவேறியது. ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள்.

அடுத்து நடந்ததைப் பானர்மேனே சென்னைக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். தூக்கிலிட்டவருடைய எழுத்து என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் கலங்காமல், அலட்சியமாகவே நின்றாராம். மரத்தை நோக்கி நடந்தபோது நடையில் உறுதி இருந்ததாம். இரு பக்கமும் உட்கார்ந்திருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்துக்கொண்டே போனாராம். வழியில் வாய் பேச இயலாத தம்பியைப் பற்றி மட்டும் கவலை தெரிவித்தாராம். மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வெளியே வந்தது தவறு, அதைக் காத்து அங்கேயே மடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னாராம்.

இதைப் படித்துவிட்டு கயத்தாற்றில் நிற்பதற்கும் படிக்காமல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இன்று காலை நீங்கள் நின்றுவிட்டு வந்த அந்தக் கோட்டை வாசலைத்தான் அவர் கடைசியாக நினைத்திருக்கிறார். சிலையின் பீடத்தருகே கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். லாரிகள் போகும் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். சிறிது நேரத்தில் அது பழகிவிடும்.

நேரம் கையில் இருந்தால் இதே வட்டாரத்தில் உள்ள கட்டாலங்குளத்துக்கும் போகலாம். கட்டபொம்மனுக்கு ஒரு தலைமுறை முந்திய வீரன் அழகுமுத்துக்கோனின் ஊர் அது.

ஏழாம் படி: பாளையங்கோட்டையும் வல்லநாடும்

கயத்தாற்றிலிருந்து திருநெல்வேலி சுமார் 30 கி.மீ. பாளையங்கோட்டையில் இருந்த பழைய கோட்டை பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. வாசல் பகுதிகளின் மிச்சம் ஊருக்குள் நிற்கிறது. அதைப் பார்க்க நீண்ட நேரம் செலவிட வேண்டாம். ஆனால் ஊமைத்துரையும் அவருடைய உறவினரும் பதினாறு மாதத்துக்கு மேல் சிறையிருந்த ஊர் இது என்பதை அறிந்து ஒரு சுற்று வாருங்கள். 1801 பிப்ரவரி 2 அன்று மாலை, கும்பினி அதிகாரிகள் ஒரு தோட்டத்து மாளிகையில் விருந்துண்டுகொண்டிருந்த வேளையில், சிறையிலிருந்தவர்கள் காவலரை மடக்கிவிட்டுத் தப்பினார்கள். இரவெல்லாம் ஓடி மறுநாள் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். நாம் இப்போது காரில் போகப்போவதும் ஏறக்குறைய அதே திசையில்தான்.

வழியில் வல்லநாட்டில் வெள்ளையத்தேவனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. கட்டபொம்மனின் படைத்தலைவர்களில் மக்கள் பாட்டில் மிகுதியாக வாழ்கிறவர் இவர். அந்தி சாய்வதற்குள் அங்கே நின்றுவிட்டு, தூத்துக்குடிக்குத் திரும்பி நன்றாக உறங்குங்கள்.

எட்டாம் படி: இரண்டாம் காலை, மண்மேடு

மறுநாள் இன்னும் முன்னதாக, வெயில் ஏறுவதற்குள் பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்புங்கள். இந்த முறை நினைவுக் கோட்டைக்குள் போக வேண்டாம். பழைய கோட்டை இருந்த நிலத்துக்குப் போங்கள். தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடம். தரைமட்டத்தையொட்டிய கட்டட அடித்தளங்களும் மேடுகளும்தான் தென்படும். எதையும் பெயர்க்காதீர்கள், ஓடுகளையோ செங்கல் துண்டுகளையோ நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள்.

முதல் தடவை நான் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, செருப்பக் கழத்திட்டு ஏறுங்க." நான் கழற்றிவிட்டு, "கோயில் அந்தப் பக்கந்தான அய்யா இருக்கு?" என்று கேட்டேன். "அங்கயும் கழத்தணும், இங்கயும் கழத்தணும்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் அந்த மேட்டில் நான் செருப்போடு கால் வைத்ததில்லை. முள் இருக்கும், பார்த்து வையுங்கள்.

வெறுங்காலோடு நடந்து கோட்டையின் அளவை உணர முயலுங்கள். பழைய கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. சுற்றுச்சுவர் 12 அடி உயரம், முழுவதும் மண்ணால் ஆனது. சுற்றிலும் முள்வேலி. ஒரு நீளவாட்டில் இருநூறு எட்டு, குறுக்குவாட்டில் நூற்றிருபது எட்டு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறியது என்பது தெரியும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் போர் பழகிய படையைப் பல வாரங்கள் தடுத்து நிறுத்திய கோட்டை இந்த அளவுதான்.

1799-இல் இடித்துப் போட்ட கோட்டையை, பாளையங்கோட்டையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை ஊர்மக்களின் துணையோடு சில நாளில் மறுபடி எழுப்பிவிட்டார். கைப்பற்ற வந்த மேஜர் மெக்காலே, தரைமட்டமாகக் கிடக்க வேண்டிய இடத்தில் சுவர் நிற்பதைக் கண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்ப நேர்ந்தது. மார்ச் 31 அன்று பெரும்படையோடு வந்து தாக்கியும் உள்ளே நுழைய முடியவில்லை. பின்னர் கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து, மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது. ஆணும் பெண்ணுமாக மண் சுமந்து கட்டிய சுவரைத்தான் அவர்கள் பீரங்கியால் பிளந்தார்கள். குனிந்து ஒரு பிடி கரிசலை அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். ஈரமிருந்தால் விரல் தடம் அப்படியே பதிந்து நிற்கும், காய்ந்தால் கல்லாகும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

அந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். உயரமான, மெலிந்த இளைஞர், பேச்சு வராது, சைகையால் படையை நடத்தினார். சிறு துரும்புகளை உள்ளங்கையில் வரிசையாக அடுக்கி, இவர்கள்தான் வெள்ளைக்காரர் என்று காட்டி, வாயால் ஓசை எழுப்பிக்கொண்டே மற்றக் கையால் துடைத்தெறிவாராம். கோட்டை வீழ்ந்த அன்று காயம்பட்டுப் பிணங்களுக்கிடையே கிடந்த அவரைக் காப்பாற்றிய கதையையும் வெல்ஷ்தான் சொல்கிறார். மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனை உயிர்போகும் நிலையில் கண்டெடுக்கிறாள். அவனோ, என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்கிறான். பெண்கள் ஊமைத்துரையைச் சுமந்துபோய், தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களின் கண்ணில் படாமல் இருக்க, வெள்ளைத் துணி போர்த்தி, அம்மை கண்டு இறந்தவர் என்று ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். அம்மைக்குப் பயந்து அருகே யாரும் வரவில்லை. அந்தத் தாயின் பெயரும் மகனின் பெயரும் எழுதிவைக்கப்படவில்லை. எந்த மணிமண்டபத்திலும் அவர்களுக்கு இடமில்லாததால், இந்த மேட்டில் நிற்கும்போது நான் முதலில் நினைப்பது அவர்களைத்தான்.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து மேலும் பல மாதம் போரிட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பிடித்து, நவம்பர் 16 அன்று இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தலையை வெட்டினார்கள். பிறகு கோட்டையை இரண்டாம் முறை இடித்து, ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள்.

கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, இந்தப் போர்களில் இறந்த ஆங்கிலேயப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. வழி தெரியாவிட்டால் ஊரில் "வெள்ளைக்காரன் கல்லறை" என்று கேளுங்கள், காட்டுவார்கள். இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இடித்துத் தள்ளிய பக்கத்தில் இறந்தவர்களுக்குக் கல்லும் காரையும் வைத்துக் கட்டிய கல்லறை இருக்கிறது. சுவரைக் காத்து இறந்தவர்கள் மேட்டு மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். கல்லறைகளின் மீது ஏறவோ எழுதவோ கூடாது. தொலைதூர நாட்டிலிருந்து வந்து சின்ன வயதில் இங்கே மடிந்தவர்களும் அவர்களில் உண்டு.

இவ்வளவையும் பார்த்து முடிக்கக் காலை ஒன்பதரை ஆகிவிடும். ஊருக்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அங்குள்ளவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கட்டபொம்மு கும்மியின் சில அடிகள் தெரிந்த பெண்கள் இருந்தால் பாடச் சொல்லிக் கேளுங்கள், பதிவு செய்ய விரும்பினால் முதலில் அவர்களிடம் சம்மதம் பெறுங்கள். பிறகு குறுக்குச்சாலைக்கு வந்து நின்றால் மதுரைப் பக்கமும் தூத்துக்குடிப் பக்கமும் பேருந்துகள் வரும். காலில் ஒட்டிய கரிசலை மட்டும் வண்டியில் ஏறுவதற்கு முன் தட்டிவிட்டு ஏறுங்கள்.